அந்தமானில் ஒரு ஆஃப் சைஸ் படம்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ராஜரத்தினம் அண்ணாச்சி, பாலைக் காய்ச்சுவதற்கு முன்னால் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பார். காய்ச்சிய பிறகும் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பார். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், அந்த சீட்டில் என்ன கோளாறு என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கல்யாண வீட்டில் "அண்ணாச்சி, முதல் பந்தியிலேயே சாப்பிட்டுருங்க" என்று அன்பாகச் சொன்னால் போச்சு. தாலி கட்டும் நேரத்துக்கு வேறு எவனையோ வைத்துப் படம் எடுக்கப் போகிறார்கள் என்று கடைசிப் பந்தி வரை பட்டினியாக நிற்பார். இந்த மனிதரோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கும் குருவம்மாள் அக்காவை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

ஆனால் தொழிலில் சுத்தமான ஆள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வரைக்கும் அவர் போய் நிற்காத கல்யாணம், காது குத்து, சடங்கு வீடு குறைவு. அதோடு சாவு வீட்டு ஃப்ளெக்ஸும் அவர்தான் செய்து கொடுப்பார். ஒருவர் கண்ணை மூடிய அரை மணி நேரத்தில் வீட்டு ஆட்கள் ஆதார் அட்டையோடு வந்து நிற்பார்கள். "இத விட்டா வேற படம் இல்ல அண்ணாச்சி" என்பார்கள். அவர் ஏதோ ஒரு கல்யாண ஆல்பத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் தலையைத் தேடிப் பிடித்து, வெட்டி எடுத்து, தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை அழித்து, வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டுக் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுப்பார்.

"உசுரோட இருக்கும்போதே நேரா உக்காந்து ஒரு ஆஃப் சைஸ் எடுத்து வச்சுக்கிட்டா என்னய்யா?" என்று வருகிறவர்களை எல்லாம் திட்டுவார். யார் எடுத்துக்கொள்வார்கள்? எங்கள் பக்கத்தில் உடம்பு சரியில்லாத ஒருவரைத் தனியாக உட்கார வைத்து, இடுப்புக்கு மேலே நேராக ஒரு படம் எடுத்தால் அது எதற்கென்று எடுக்கிறவனுக்கும் தெரியும், உட்கார்ந்திருக்கிறவருக்கும் தெரியும். கேமராவைத் தூக்கிய குற்றத்துக்காக அண்ணாச்சி ஒரு வீட்டில் செருப்படி வாங்கப் பார்த்தார். அதையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

போன கார்த்திகை ஆரம்பத்தில் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்து, சதையைக் கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வருகிற அன்றைக்கு அண்ணாச்சிக்கு ராஜபாளையத்தில் ஒரு முகூர்த்தம். ஆல்பம் வாங்குவதற்காக மதுரைக்குப் போயிருந்த கேத்ரின்தான் ரிப்போர்ட்டை வாங்கி டாக்டரிடமும் காட்டிவிட்டு வந்தாள். கேத்ரின் ராஜபாளையத்தில் கைக்குழந்தைகளைப் படம் எடுப்பவள்; புகைப்படக்காரர்கள் சங்கத்தின் செயலாளர்.

"வெறும் புண்ணுதானாம். மாத்திரை தின்னா ஆறிருமாம்" என்றாள் குருவம்மாள்.

"ரிப்போர்ட் எங்க?"

"ஆஸ்பத்திரியிலயே வாங்கி வச்சுக்கிட்டாகளாம். அடுத்த தடவை போறப்போ பாக்கணும்லா?"

அவ்வளவுதான், மனிதருக்குத் தூக்கம் போயிற்று. நல்ல ரிப்போர்ட்டை யாராவது பிடித்து வைத்துக்கொள்வார்களா? அதற்கு இரண்டாம் நாள் கேத்ரின் போன் செய்தாள். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் சங்கத்துக்காரர்கள் வருடா வருடம் கேமராவோடு எங்கேயாவது கூட்டமாகப் போவார்கள். அய்யனார் கோவில் அருவிக்குப் போவார்கள், மிஞ்சினால் கடற்கரை ஊரான மண்டபம் வரைக்கும் போவார்கள். இந்த வருடம் அந்தமானாம், ஐந்து நாளாம். அண்ணாச்சி வரவில்லை என்றார். அவள் அன்றைக்கே இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். இத்தனை வருடத்தில் கருவாட்டையே கண்ணில் காட்டாத குருவம்மாள், "போயிட்டு வாங்க, நல்ல மீனா வாங்கித் தின்னுங்க" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் சந்தேகம் இரண்டு பங்காகிவிட்டது என்று அண்ணாச்சி பிற்பாடு என்னிடம் சொன்னார். மரண தண்டனைக் கைதிக்குத்தானே இப்படிக் கேட்டுப் போடுவார்கள்!

பதினொரு பேர் கிளம்பினார்கள். ராஜபாளையத்து மைக்கேலும் வந்திருந்தார். இவரும் மைக்கேலும் இருபது வயதில் ஒரே டார்க் ரூமில் கிடந்து தொழில் படித்தவர்கள். பிறகு ஆளுக்கு ஓர் ஊரில் கடை போட்டார்கள், மாதத்துக்கு ஒரு சண்டை போட்டார்கள். ஒருவர் ஓரிடத்தில் நின்று படம் எடுத்தால் மற்றவருக்கும் அதே இடத்தில் நின்று எடுத்தாக வேண்டும். இவர் புது கேமரா வாங்கினால் மறுவாரம் மைக்கேல் கழுத்திலும் ஒன்று தொங்கும்.

விமானத்தில் அண்ணாச்சிக்கு ஜன்னல் சீட். வத்திராயிருப்பில் ட்ரோன் ஓட்டும் கௌதம்ராஜ் அவர் பையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். இவர் பக்கத்தில் போனால் பேச்சு நின்றது. கேத்ரின் இரண்டு தடவை கண்ணைத் துடைத்தாள். கேட்டதற்குத் தூசி என்றாள். விமானத்துக்குள் ஏதம்மா தூசி?

முதல் நாள் ஹேவ்லாக் தீவு. கடல் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. மாவு சலித்துக் கொட்டிய மாதிரி வெள்ளை மணல். நம் ஆட்கள் குப்புறப் படுத்தும், மண்டி போட்டும், இடுப்பளவு தண்ணீரில் இறங்கியும் எடுத்துத் தள்ளினார்கள். அப்போது கேத்ரின் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, தங்கும் விடுதியின் வெள்ளைச் சுவர் ஓரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"சங்கத்து அட்டைக்கு ஒரு படம் எடுக்கணும் அண்ணாச்சி. நீங்க மொதல்ல, அடுத்து மைக்கேல் அண்ணன்."

டீ கிளாஸோடு நின்ற மைக்கேல், "மொதல்ல அவன் முடிக்கட்டும், பொறவு நான் உக்காருதேன்" என்றார்.

அண்ணாச்சி கண்ணை ஓட்டினார். கேத்ரின் கையில் முகத்துக்கென்றே உள்ள நல்ல லென்ஸ். பக்கத்தில் கௌதம்ராஜ் தெர்மோகோல் அட்டையைப் பிடித்து முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். தபால் தலை அளவு படத்துக்கு இத்தனை சோடனையா? எதிரில் அம்புட்டு பெரிய கடல் கிடக்க, காசு செலவழித்து அந்தமானுக்கு வந்து சுவரை வைத்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைச் சட்டை, நேர்ப் பார்வை, இடுப்புக்கு மேலே. ஆயிரம் பேருக்கு அடித்துக் கொடுத்த மனிதருக்கு அது தெரியாதா!

செத்துப்போகப் போகிறோம் என்று அந்த நாற்காலியில்தான் அவர் முடிவாக நம்பினார். பயத்துக்கு மேலே கோபம் வந்தது. படம் இருந்தால்தானே ஃப்ளெக்ஸ்? நான் கொடுக்க மாட்டேன். ஷட்டர் எந்த நொடியில் விழும் என்று தெரிந்த கண் அது. கேத்ரினின் விரல் அழுந்தும்போதெல்லாம் கண்ணை மூடினார். பதினாறு படம் எடுத்தாள், பதினாறிலும் தூங்கினார்.

மறுநாள் தென்னந்தோப்பு நிழலில் மறுபடியும் உட்கார வைத்தார்கள். கன்னத்தை ஊதினார், நாக்கை நீட்டினார், பல்லை இளித்தார். கௌதம்ராஜ் தூரத்தில் நின்று தெரியாமல் எடுக்கப் பார்த்தான். அண்ணாச்சி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். அன்று முழுவதும் உலகமே ஆசைப்பட்டு வருகிற கடற்கரையில் துண்டால் முக்காடு போட்டபடி ஒரு மனிதர் நடந்தார். கடலை அவர் பார்க்கவே இல்லை. அவர் கேமராவில் ஒரு அலை கூடக் கிடையாது. கேத்ரினும் கௌதம்ராஜும் குசுகுசுப்பது, கேத்ரின் கண்ணைத் துடைப்பது, நாலு பேர் கூடி நின்று தலையை ஆட்டுவது என்று சாட்சிக்காக மரத்துக்குப் பின்னால் ஒளிந்து எடுத்ததுதான் அத்தனையும்.

மூன்றாம் நாள் காலையில் நீல் தீவுக்குப் போய் இறங்கினார்கள். படகுத்துறைக்குப் பக்கத்தில் கேத்ரின் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி போய் எதிரில் நின்றார்.

"ஏட்டி, இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். ரிப்போர்ட்ல என்ன போட்டுருக்கு?"

"புண்ணுன்னுதான் அண்ணாச்சி."

"ஒம் பிள்ளை மேல சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் பண்ணவில்லை. போனை எடுத்தாள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வைத்திருந்தாள். அதைப் பெரிதாக்கி அவர் கையில் கொடுத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். புற்று இல்லை என்று அச்சில் இருந்தது. மேலே அவர் பெயரும் வயதும் இருந்தன. அவர் பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். வேறு ராஜரத்தினம் யாராவது இருக்கிறானா என்று அப்பன் பெயரையும் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"பின்ன என்னத்துக்கு என்னைய அந்தப் படம் எடுக்கீங்க? நான் தொழில்காரன்ட்டி. அது எதுக்கு எடுக்கிற படம்னு எனக்குத் தெரியாதா?"

கேத்ரினுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒங்களுக்கு இல்ல அண்ணாச்சி. மைக்கேல் அண்ணனுக்கு."

அன்றைக்கு ரிப்போர்ட் வாங்கப் போன அதே ஆஸ்பத்திரியில், அழுதுகொண்டு நின்ற ஏசம்மாளை அவள் பார்த்திருக்கிறாள். ஏசம்மாள் மைக்கேலின் மனைவி. மைக்கேலுக்குக் கணையத்தில் புற்று வந்து முற்றிவிட்டது; சித்திரையைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைக்கேலிடம் அல்சர் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். தீவுகளைப் பார்க்க வேண்டும் என்பது மைக்கேலின் வெகுநாள் ஆசை என்பதால் சங்கம் அந்தமானுக்கு ஏற்பாடு செய்தது.

"ஊர்ப் படமெல்லாம் எடுத்தாக, வீட்டுல அவர் தனியா இருக்க படம் ஒண்ணுகூட இல்லன்னு ஏசம்மாக்கா என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா அண்ணாச்சி. அவருக்குத் தெரியாம நீயே எப்படியாவது எடுத்துருன்னா. அவருக்கு நேரா கேமராவத் தூக்குனா அவருக்குத் தெரிஞ்சிராதா? ஒங்கள எடுத்தா எனக்கும் எடுன்னு தானா வந்து உக்காருவாரு, அதான் ஒங்கள மொதல்ல உக்கார வச்சோம். நீங்க கண்ண மூடுதீங்க, நாக்க நீட்டுதீங்க..."

"எங்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"ஒங்க மூஞ்சி காட்டிக் குடுத்துருமே."

தனக்கு இல்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது என்று அண்ணாச்சி ஒளிக்காமல் சொன்னார். ஒரு நிமிடம் சிரிக்கக்கூடத் தோன்றியதாம். அடுத்த நிமிடம் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்திருக்கிறது. தான் சாட்சிக்கு எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். குசுகுசுக்கிறவர்களுக்குப் பின்னால், ஏழெட்டுப் படங்களில், ஓரமாக மைக்கேல் உட்கார்ந்திருந்தார். ஒன்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றில் பக்கத்திலிருந்த சாப்பாட்டுத் தட்டைத் தொடவே இல்லை. சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. இரண்டு நாளாகக் கூடவே திரிந்தும் அண்ணாச்சி அதைப் பார்க்கவில்லை. சந்தேகப்படுகிறவன் எல்லாவற்றையும் கவனிப்பான் என்கிறார்கள். பொய். அவன் தன்னைத்தான் கவனிக்கிறான்.

"நீ எடுக்க வேண்டாம். நான் எடுக்கேன்" என்று கேத்ரினின் லென்ஸை வாங்கித் தன் கேமராவில் மாட்டினார்.

மைக்கேல் கரையோரம் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை வெயில் மெல்லிய மேகத்துக்குள் இருந்தது. படத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

"ஏலே மைக்கேலு, இங்கன திரும்பு."

"என்னத்துக்கு?"

"கேத்ரின் லென்ஸு. சரியா இருக்கான்னு பாக்கணும்."

மைக்கேல் திரும்பினார். அண்ணாச்சியின் முகத்தைச் செத்த நேரம் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் பார்த்த முகம்.

"சொல்லிட்டாளாக்கும்" என்றார்.

அண்ணாச்சி லென்ஸைத் திருகுவது போலக் குனிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும்லே. ஆஸ்பத்திரிக் கண்ணாடியில ஏசம்மா அழுததப் பாத்துட்டேன். எனக்குத் தெரியாதுன்னு அவ நெனச்சுக்கிட்டுருக்கா. அப்படியே இருந்துட்டுப் போறா." பிறகு கோபமாகவே சொன்னார்: "ரெண்டு நாளா ஒனக்கு அடுத்து உக்காந்துருவோம்னு நானும் காத்துக் கெடக்கேன். எடம் பாத்து வாறேன், சட்டை மாத்தி வாறேன். நீ நாக்க நீட்டிக் கெடுத்துட்ட. படுபாவி, எம்புட்டு நேரம்லே ஒனக்கு?"

அண்ணாச்சி அழுதார். மறைக்கவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்தார், ஒன்றும் தெரியவில்லை. சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"அழுதுக்கிட்டே எடுக்காத, ஷேக் ஆயிரும்" என்றார் மைக்கேல்.

மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். கையால் தலையைக் கோதினார். நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்த்தார். கேமராவின் சட்டம் நிறைய அந்த முகம் வந்தது. அண்ணாச்சியின் விரல் அழுந்தப் போன நேரத்தில் மைக்கேல் கையைக் காட்டி நிறுத்தினார். இவர் நிற்கிற தூரத்தை வைத்தே படத்தில் என்ன விழும் என்று அவருக்குத் தெரியும்.

"ரொம்ப நெருங்கி நிக்க. செத்த பின்னால போ. ஃப்ளெக்ஸுல தலைக்கு மேல சிலுவை போடணும்லா?"

ராஜரத்தினம் அண்ணாச்சி இரண்டடி பின்னால் போய், இடம் விட்டு எடுத்தார்.