பல்லுக்காகப் பார்த்த சர்க்கரை

என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஒரே மழைக்காலத்தில் போயின. ஒன்று சாப்பிடும்போது சோற்றோடு வந்தது. மற்றது சில நாள் ஆடிக்கொண்டிருந்துவிட்டு, வாய் கொப்பளிக்கையில் விழுந்தது. வலியே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது நான் திண்டிவனம் - விழுப்புரம் தடத்தில் கண்டக்டர். என் தடத்து ஊர்ப்பெயர்களுக்கே மேல்பல் வேண்டும். ‘விழுப்புரம், விக்கிரவாண்டி’ என்று கூப்பிட்டால் ஊருக்கு முன்னால் காற்று போயிற்று. ஒருநாள் கூட்டேரிப்பட்டில் பூக்கூடையோடு ஏறிய ஓர் அம்மா, “இன்னா கண்டக்டரே, ஊரு சொல்றியா, அடுப்பு ஊதுறியா?” என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். பிறகு அந்தக் கை வாயை விட்டு இறங்கவே இல்லை.

கழற்றி மாட்டும் பல்செட்டைப் போட்டுப் பார்த்தேன். பின்படிக்கட்டில் நின்றவனை அதட்டிய வேகத்தில் அது கழன்று டிக்கெட் பையில் விழுந்தது. அடுத்த ஓய்வு நாளில் விழுப்புரத்தில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனேன். என் மனைவியும் வந்தாள். தாடை எலும்பில் திருகாணி போல ஒன்றை இறக்கி, அதன்மேல் பல் கட்டலாம் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் மகள் வயதிருக்கும். ஈறுகளைப் பார்த்ததும், “எத்தனை வருஷமா சர்க்கரை, ஐயா?” என்றார்.

“பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். எனக்கு வைக்க முடியாதா?”

“தாராளமா வைக்கலாம். ஆனா சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கணும். இல்லன்னா புண்ணு ஆறாது, எலும்பு திருகைப் பிடிச்சுக்காது. மூணு மாசச் சராசரி எவ்வளவுன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. எடுத்துட்டு வாங்க.”

எடுத்துக்கொண்டு போனேன். அதைப் பார்த்துவிட்டு இப்போது முடியாது என்று சொல்லிவிட்டார். ஈறுகளைச் சுத்தம் செய்து அனுப்பினார். சர்க்கரை டாக்டர் மாத்திரையை மாற்றி, நடக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் இருக்கை காலியாக இருந்தாலும் நின்றேன். வீட்டில் மொட்டை மாடியில் நடந்தேன். நாக்கு போய்ப் போய்ப் பல் விழுந்த இடத்தைத் துழாவியது. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கி, சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், நடந்து வந்ததும் என்று குத்திக்கொண்டே இருந்தேன். என் மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். எனக்குக் கேப்பைக் களியும் கீரையும் தனியாகச் செய்துவிட்டு, வடித்த சோறு வீணாகக் கூடாதென்று அவள் சாப்பிட்டாள். அவ்வப்போது பாதம் எரிகிறது என்பாள். தையல் மிஷினை மிதித்தால் அப்படித்தான் இருக்கும் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெறும் வயிற்றில் எனக்கு 109 காட்டியது. இவ்வளவு குறைந்திருக்கும் என்று நம்ப முடியவில்லை.

“இது பொய் சொல்லுது. மிஷின் அவுட்டு.”

“சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்காதீங்க” என்று விரலை நீட்டினாள். “எனக்குத்தான் சர்க்கரையே இல்லியே. என்னுதப் பாருங்க, மிஷின் சரியா இல்லியான்னு தெரிஞ்சிடும்.”

புது ஊசி மாற்றிக் குத்தினேன். 286.

இருவரும் சிரித்துவிட்டோம். “பாத்தியா, நான் சொல்லல?” என்றேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொல்லி, வேறு விரலில் மறுபடி பார்த்தேன். 291. எனக்கு மறுபடி பார்த்தேன். 112. அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் லேபிலும் அதுவே வந்தது. ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார் சர்க்கரை டாக்டர். ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவள் சொன்னாள்.

“உங்க பல்லு வேலைய நிறுத்திடாதீங்க.”

“பல்லு கெடக்குது. மொதல்ல உன் ஒடம்பப் பாக்கலாம்.”

“எத்தினி நாளைக்கு வாயப் பொத்திக்கினே போவீங்க? எனக்கும் மாத்திரை குடுத்துட்டாங்க. இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே களி. எனக்கு ஒரு சமையலு மிச்சம்.”

அடுத்த பரிசோதனையில் என் சராசரி இறங்கியிருந்தது. திருகுகளை வைத்தார்கள். ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. சுவரில் துளை போடுவது போன்ற சத்தம் மண்டைக்குள் கேட்டது, அவ்வளவுதான். பிறகு மறுபடி காத்திருப்பு. மற்றவர்களுக்கு ஆவதைவிட எனக்குப் புண் ஆறத் தாமதமானது. எலும்பு பிடிக்கச் சில மாதங்கள் வேண்டும் என்று சொல்லியிருந்தும், திருகு ஆடுவதாகவே எனக்குத் தோன்றியது. வண்டி விழுப்புரத்தில் நிற்கும் நேரத்தில் மருத்துவமனைக்கு ஓடினேன். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார்.

“ஐயா, இது ஆடல. நீங்கதான் ஆடறீங்க” என்றார்.

பற்களைப் பொருத்திய அன்று கண்ணாடியை நீட்டினார்கள். பழைய பற்களைவிட வெள்ளை கொஞ்சம் தூக்கல். வாயை மூடாமல் சிரித்துப் பார்த்தேன். அதற்குள் டாக்டரம்மா என் மனைவி பக்கம் திரும்பிவிட்டார்.

“பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருதாம்மா?”

“வரும். அது எல்லாருக்கும் வரதுதானே?”

“இல்லம்மா. இப்படி வந்து உட்காருங்க.”

என்னை வெளியே அனுப்பினார்கள். உட்கார்ந்தேன், எழுந்தேன். சுவரில் இருந்த பல் படங்களைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்த் திரும்பினேன். உள்ளே மிஷின் சத்தம் நின்றால் பயம், மறுபடி கேட்டாலும் பயம். எனக்கு ஆறத் தாமதமான புண் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. ஈறைச் சுத்தம்தான் செய்கிறார்கள் என்று தெரிந்தும் கால் நிற்கவில்லை. அங்கே வேலை செய்யும் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “அம்மாவுக்கு ஒண்ணும் இல்லீங்க, உக்காருங்க” என்றாள்.

என் மனைவி வாயில் பஞ்சைக் கடித்தபடி வந்தாள். பேசக் கூடாதாம். போகலாம் என்று கையைக் காட்டினாள்.

திண்டிவனம் பஸ்ஸில் என்னோடு வேலை செய்யும் கண்டக்டர்தான் இருந்தான். “இன்னா அண்ணி, எங்க போய்ட்டு வர்றீங்க?” என்று கேட்டான். அவள் தன் வாயைச் சுட்டிக் காட்டினாள்.

“அண்ணனுக்குத்தானே பல்லு?” என்றான் என்னைப் பார்த்து.

“ரெண்டு பேருக்கும்தான்” என்றேன்.