பிறம்ரன் பண்ணையில் நான் முறித்த கீரை

ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடங்கள் இருக்கின்றன. பிறகு மரக்கறித் தோட்டம் செய்யப் போகிறேன் என்று வீட்டிலும் வேலையிலும் அளந்துகொண்டிருந்தேன். "முதல்ல போய்ப் பழகிப் பாருங்கோ" என்றார் மனைவி. அதனால் செப்டெம்பர் முதல் சனிக்கிழமை, பிறம்ரனுக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போனேன். தோட்டத்துக்குப் புதியவர்களுக்கு அங்கே ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். சேருமுன் ஒருநாள் போய்ப் பார்க்கலாம். சாப்பாட்டுடன் இருபத்தைந்து டொலர்.

ஸ்காபரோவிலிருந்து அறுபது கிலோமீற்றர் அளவில் வரும். ஏழரைக்கு வெளிக்கிட்டு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கார் இல்லாமல் சரிவராது.

காலையில் கரட் பாத்தியில் களை பிடுங்கவிட்டார்கள். பிடுங்கியதை விரும்பியவர்கள் கொண்டுபோகலாம் என்றார் பயிற்சியாளர். பார்த்தால் பாதிக்குமேல் கீரை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? கூட வந்தவர்களுக்கு, நீங்கள் எறிவதைத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். ஆனால் பிடுங்கியவை முற்றல். பக்கத்துப் பாத்தியின் கரையில், அப்போதுதான் பூக்கத் தொடங்கிய ஆனால் இன்னும் இளசான ஆறேழு கீரைச் செடிகள் நின்றன. தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்ய ஆகும் என்று நுனிகள் எல்லாவற்றையும் முறித்துப் பையில் போட்டேன்.

மதியம் பயிற்சி பெறுபவர்களின் பாத்திகளைக் காட்டினார்கள். கடைசிப் பாத்தி வதனியுடையது. ஸ்காபரோப் பெண், முப்பது வயது இருக்கும். சொந்தமாக ஒரு பயிரை விதைவரை கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்த வருடம் கால் ஏக்கர் கொடுப்பார்களாம். அவள் காட்ட வைத்திருந்தது கீரை. செடிகள் தலையில்லாமல் நின்றன.

வதனி என் பையைப் பார்த்தாள். பிறகு பயிற்சியாளரிடம், மான் கடித்திருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வலை போட்டிருக்க வேண்டும் என்றார் அவர். எல்லோரும் நகர்ந்த பிறகுதான் அவளிடம் போனேன்.

"தங்கச்சி, நான்தான் முறிச்சனான். களையெண்டு நினைச்சிட்டன்."

"தெரியும் அண்ணை."

"பிறகேன் மானெண்டு சொன்னனீர்?"

"இத்தினை பேருக்கு முன்னால உங்களை எப்பிடிச் சொல்லுறது?"

"திரும்பத் துளிர்க்காதோ?"

"துளிர்க்கும். ஆனா விதை முத்த முன்னம் பனி கொட்டீடும். கடைசியாப் பூத்ததுகளைப் பாத்து விதைக்கு விட்டனான். அதுகள்தான் கனநாள் இலை தரும்."

கூனிக் குறுகிப் போனேன். பயிற்சியாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். சொன்னதற்கு நன்றி என்றார். ஆனால் விதை இல்லாமல் நிலம் இல்லை, அவள் அடுத்த பருவமும் படிக்க வேண்டியதுதான் என்றார். பையை வதனியிடம் நீட்டினேன். "கொண்டுபோய்ச் சமையுங்கோ அண்ணை, எறிஞ்சுபோடாதேங்கோ" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: பூட்ஸ், தொப்பி, தண்ணீர் கட்டாயம். 407 நெடுஞ்சாலையில் போனால் கால் மணித்தியாலம் மிச்சம், ஆனால் காசு கட்ட வேண்டும். களை என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் கேட்காமல் கை வைக்காதீர்கள். ஊர்க் கீரை எனக்குத் தெரியாததா என்ற எண்ணத்தோடு போகவே போகாதீர்கள். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அன்றிரவு மனைவி வறை செய்தார். நடந்ததை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்ல கீரையப்பா. உதின்ர விதை கொஞ்சம் கேட்டு வாங்கியிருக்கலாமே" என்றார்.