ஸ்ட்ரெஸ்ஸுக்குக் கட்டில் உண்டு

இன்று காலை தம்பியைத் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அவனுக்குச் சிறுசேரியில் ஐ.டி. வேலை. பல வருடக் குடி. நிறுத்திய இரண்டாம் நாள், கை நடுங்குகிறது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் பெரும்பாக்கத்து அக்கா ஒருவர், கணவரைத் தாங்கிப் பிடித்தபடி. கணவரின் கையிலும் அதே நடுக்கம்.

"குடிதாம்மா. வுட்டு ரெண்டு நாளாவுது, ஒடம்பு உதறிகினே கீது. சேத்துக்கோம்மா."

கவுன்ட்டர் பெண் நிமிரவே இல்லை. "குடி கேஸ் எடுக்கறதில்ல. ஜி.எச். போங்க."

"அங்க கூடவே ஒரு ஆள் இருக்கணுங்கறாங்கம்மா. நான் நாலு வூட்ல வேல செய்றேன், யாரு இருப்பா?"

"நெக்ஸ்ட்!"

நான் தம்பியின் கம்பெனி இன்ஷூரன்ஸ் அட்டையை நீட்டினேன். "ஸ்ட்ரெஸ். தூக்கமே இல்ல."

அவன் கையைப் பார்த்தாள். சிரித்தாள். "ஐ.டி.ல இதெல்லாம் சகஜம் மேடம். ஏசி ரூம் போட்டுடறேன். கூட யாரும் இருக்க வேணாம், நாங்களே பாத்துப்போம்."

சாராய நாற்றம்கூட எனக்குக் குமட்டியதில்லை. அந்தச் சிரிப்பு குமட்டியது. பதிலுக்கு நானும் சிரித்தேன், அது இன்னும் குமட்டுகிறது.

அந்த அக்கா செய்த ஒரே தப்பு, உண்மையைச் சொன்னது.

உங்கள் வீட்டில் குடிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? கமென்ட்டில் சொல்லுங்கள்.