விழுந்தவளுக்குத் தங்கம்

நடந்து முடிந்து, உலகம் மறந்தும் போய்விட்ட ஒரு போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்டி, அதில் என் வேலையையே வைத்தவன் நான். அதுவும் கிரிக்கெட் இல்லை; பெண்களுக்கான பனிச்சறுக்கு நடனம். ஃப்ரீசரின் மேல்தட்டைத் தவிர வேறெங்கும் பனிக்கட்டியைப் பார்த்திராத ஒருவன் செய்யக்கூடிய காரியமா என்றால், செய்தேன்.

அப்போது நான் ஓசூரில், வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளன். மனைவி கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தன் பெற்றோர் வீட்டில் இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து, “நீ மாற்றல் வாங்கிட்டு வா” என்று நானும், “நீங்க வேலைய விட்டுட்டு வாங்க” என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தோம். இருவரும் அசையவில்லை. எப்போதாவது பஸ் ஏறிப் போனால், போன களைப்பு தீர்வதற்குள் திரும்பும் பஸ் வந்துவிடும்.

எங்களுக்கு வாய்த்த குடும்ப வாழ்க்கை ஞாயிற்றுக்கிழமைப் பகலில் ஒரு விளையாட்டுச் சேனலில் நடந்தது. ஐரோப்பாவில் எப்போதோ முடிந்த போட்டிகளைச் சேனல்காரன் ஆற அமர மறுஒளிபரப்புச் செய்வான். நாங்கள் பனிச்சறுக்கைத் தேர்ந்தெடுத்தது கலை ரசனையால் அல்ல. சினிமா பார்த்தால் அவள் பக்கத்தில் அப்பா, அம்மா, எதிர்வீட்டு அத்தை என்று கூட்டம் கூடிவிடும். பனிமேல் அந்தக் குட்டைப் பாவாடைகள் தோன்றியதும் மாமனார் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். பின்னாலேயே மாமியார். கூடம் காலி. அவள் செல்போனைக் காதில் வைப்பாள்.

அவளுக்குக் கேபிள், எனக்கு டிஷ். அவள் படம் என் படத்தைவிட ஒரு மூச்சு முந்தி வரும். அவள் “ஐயோ” என்பாள். பிறகுதான் என் டிவியில் ஒரு பெண் வழுக்கி விழுவாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் புருஷனுக்குக்கூட இப்படி ஒரு பாக்கியம் கிடைக்காது என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். ஆட்டம் முடிந்து பனிமேல் ரோஜாக்கள் வந்து விழும். எங்கள் ஊர்ப் பசுமைக்குடில்களிலிருந்து வெளிநாட்டுக்குப் பெட்டி பெட்டியாக ரோஜா போவதை தினமும் பார்ப்பவன் நான். ஓசூர் ரோஜா விமானமேறி ஐரோப்பாவரை போகிறது, என்னால் கோவில்பட்டிவரை போக முடியவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

யாருக்கு எந்தப் பதக்கம் என்று ஊகிப்பது எங்கள் விளையாட்டு. பெயர்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்தோம்: கொண்டைக்காரி, நீலச்சட்டை, ஒல்லி. முடிவு முன்னாலேயே தெரிந்துவிடும் என்ற பயம் இல்லை. ஓசூரிலும் கோவில்பட்டியிலும் அதைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

நான் ஊகிப்பது தொழில்முறையில். பல்சக்கரம் அளவுக்கருவியில் பொருந்தும், அல்லது பொருந்தாது, நடுவில் ஒன்றுமில்லை. அதனால் விழுந்தவள் ரிஜெக்ட். என் மனைவி விடமாட்டாள். “விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டுங்க. கஷ்டமான கணக்க எடுத்தவளுக்கு ஒண்ணுமே போடாம விட்டா எப்படி?” புதிய மதிப்பெண் முறையும் ஏறக்குறைய அதையே சொல்வதாக வர்ணனையாளர் விளக்கினார். வர்ணனையாளரை நான் மதிக்கவில்லை.

ஓர் உலகப் போட்டி வந்தது. முதல் சுற்றைப் பார்த்துவிட்டோம். கொண்டைக்காரி பிசிறில்லாமல் ஆடி முதலிடம், நீலச்சட்டை விழுந்து மூன்றாமிடம். அடுத்த ஞாயிறு இறுதிச்சுற்று. காலையிலிருந்தே எனக்கு மனைவியைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஓசூர்க் குளிரில், முந்தின நாள் சாம்பாரோடு உட்கார்ந்திருப்பவனுக்கு வரும் துணிச்சல் வந்தது.

“இன்னிக்குத் தங்கத்தைச் சரியாச் சொல்றவங்க ஜெயிச்சாங்க. தோத்தவங்க மூட்டை கட்டிக்கிட்டு அடுத்தவங்க ஊருக்கு வரணும்” என்றேன்.

“வெளையாட்டுக்குச் சொல்றீங்களா?”

“இல்ல.”

“பொறவு பேச்சு மாறக் கூடாது.”

“மாற மாட்டேன். எனக்குக் கொண்டைக்காரி.”

“எனக்கு நீலச்சட்டை. ரெண்டாவது உங்க கொண்டைக்காரி. மூணாவது ஒல்லி.”

“டீச்சர், நீலச்சட்டை போன வாரமே விழுந்தா.”

“விழுந்தா என்ன? எந்திரிச்சால்லா?”

கொண்டைக்காரி தவறே செய்யவில்லை. கடினமானதைத் தொடவும் இல்லை. பிறகு நீலச்சட்டை வந்தாள். இரண்டாவது தாவலில் தடாலென்று விழுந்தாள். திடுக்கிட்டது நான்தான், அன்று போனில் “ஐயோ” வரவில்லை. பரீட்சை அறையில் டீச்சர்கள் இப்படித்தான் நிதானமாக இருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நீலச்சட்டை எழுந்தாள், மிச்சமிருந்த கஷ்டமான தாவல்களையெல்லாம் ஒன்று விடாமல் தாவினாள். தங்கம் அவளுக்கு. வெள்ளி, வெண்கலமும் என் மனைவி சொன்னபடியே.

“சரி. நான் வரேன். நாளைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன்” என்றேன். தோற்றவன் குரல்போல அது எனக்கே கேட்கவில்லை.

“நெசமாவா?”

“நெசமா.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு டீச்சர் குரல் திரும்பி வந்தது: “ஒண்ணும் எழுத வேண்டாம். இங்க வந்து என்ன செய்வீங்க? தீப்பெட்டிய ஒண்ணொண்ணா எடுத்து ரிஜெக்ட் பண்ணுவீங்களா? மே மாச மாற்றல் கலந்தாய்வுல அங்கிட்டு எடம் இருக்கும். நானே வாரேன்.”

தெற்கத்தி டீச்சர்கள் யாரும் கேட்காத, கிருஷ்ணகிரிப் பக்கத்து வேப்பனப்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் அவளுக்காகக் காலியாக இருந்தது. கிருஷ்ணகிரியில் வீடு பிடித்தோம். காலையில் நான் கம்பெனி பஸ்ஸில் ஒரு திசை, அவள் டவுன் பஸ்ஸில் இன்னொரு திசை. சாயங்காலம் ஒரே வீடு. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் இப்போது ஒரே டிவி, ஒரே படம். அவளுக்கு எதுவும் எனக்கு ஒரு மூச்சு முந்தித் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் துணி ஊறவைப்பாள், நான் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பேன். ஒரே வீட்டில் இருப்பவளின் குரலைப் போனில் கேட்க ஏங்குபவனை எந்த வைத்தியரிடம் காட்டுவது?

அந்த ஏக்கத்தை மறைக்க ஊரெல்லாம் தத்துவம் பேசினேன். ரிஜெக்ட் செய்கிறவனுக்கும் ஸ்டெப்புக்கு மார்க் போடுகிறவளுக்கும் உள்ள வித்தியாசம்தான் இல்லறம் என்று கேன்டீனில் சொன்னபோது, பர்கூர்க்காரரான சக ஆய்வாளர், “என்னா சார், ஐஸ் வண்டிக்காரன் மேல பந்தயம் கட்டியிருந்தாக்கூட ஒரு ஞாயம் இருக்குது” என்றார்.

ஒரு ஞாயிறு, சேனலை மாற்றும்போது பனித்தளம் தெரிந்தது. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்று, அந்த நாட்களை நினைத்தால் எப்படியோ இருக்கிறது என்றேன். விழுந்தவளை நம்பிய அவளுடைய அந்த ஸ்டெப் மார்க் மனசுதான் நம்மைச் சேர்த்துவைத்தது என்றும் சொன்னேன்.

“ஸ்டெப் மார்க்காவது ஒண்ணாவது” என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல். “அந்தப் போட்டிய முந்தின நாள் சனிக்கிழமையே ஒருவாட்டி போட்டான். நீங்க ஷிப்டுல இருந்தீங்க. நான் முழுசும் பாத்துட்டேன்லா.”