கூப்பிட்டுப் பார்த்த தேவகி

தண்டையார்பேட்டை அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே, எங்களோடு வேலை பார்த்த தேவகி இறந்துபோய்விட்டார் என்றார்கள். மாரடைப்பு. முந்தின நாள் மாலை வரை மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர். அவரை அறிந்தவர்கள் என்னைப் போலவே நம்பச் சிரமப்பட்டிருப்பார்கள்.

எண்ணூர்ப் பக்க ஆலைகளின் மதிலில் மாட்டும் சின்னப் பெட்டிகளுக்கு நாங்கள் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். காற்றில் அமோனியா வாயு கூடினால் பெட்டி அபாயச் சங்கை ஊத வைக்க வேண்டும். புரோகிராமை பில்ட் செய்வதற்கு, அதாவது பெட்டியில் ஓடும் வடிவத்துக்கு மாற்றுவதற்கு முன், கான்ஃபிகர் என்றொரு ஸ்கிரிப்ட் ஓடும். எங்கள் புரோகிராம் கூப்பிட்டு வேலை வாங்கும் சி லைப்ரரி ஃபங்ஷன்கள் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்த்து, யெஸ், நோ என்று திரையில் வரிசையாகப் போடும். எல்லாம் யெஸ் வந்தால் நாங்கள் டீ குடிக்கப் போய்விடுவோம். தேவகி போக மாட்டார்.

ஒருமுறை எல்லாமே யெஸ். ஆனால் சென்சாரை அடிக்கடி படிக்கச் சொல்லும் டைமர் ஃபங்ஷன் அந்தப் பெட்டியில் பேருக்குத்தான் இருந்தது. கூப்பிட்டால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். அமோனியா கூடினாலும் சங்கு ஊதவே ஊதாது. "பேரு கீதான்னு பாத்து இன்னா பிரயோஜனம்? கூப்ட்டா வருதான்னு பாரு" என்றார் தேவகி. பெட்டியிலேயே அதை ஓட்டிப் பார்க்கும் ஒரு சோதனையை எழுதி ஸ்கிரிப்டில் சேர்த்தார். அது தோற்றால் பில்ட் அங்கேயே நின்றுவிடும்.

பொல்லாத கோபக்காரர். நேரமாகிறது என்று மேனேஜர் முணுமுணுத்தால், "உங்க வூடு அங்க இல்லல்ல சார்" என்பார். ஆலை மதிலை ஒட்டித்தான் அவருடைய குப்பம். கணவர் கடலுக்குப் போகிறவர், இரண்டு பிள்ளைகள்.

கடைசிச் சண்டையும் அதற்காகத்தான். புதிதாக வந்த பெட்டிகளில் அவருடைய சோதனை தோற்றது. அவரை அடக்கம் செய்த மறுநாளே சோதனையை எடுத்துவிட்டு, ஸ்கிரிப்டில் அந்த இடத்தில் எப்போதும் யெஸ் என்றே வரும்படி எழுதிவிட்டார்கள். அடுத்த அப்டேட்டில் சரிசெய்துகொள்ளலாமாம். கத்தினேன், மெயில் போட்டேன், ஆலைக்கும் போன் செய்தேன். யாரும் அசைந்து கொடுக்கவில்லை. அந்த வாரமே பெட்டிகளை மாட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். அவருடைய கணவர் வாசலில் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், "சங்கு ஊதுனா ஓடு, ஊதலன்னா பயப்படாதன்னு பசங்களாண்ட சொல்லி வெச்சிக்கீறா சார். குப்பமே அத்த நம்பித்தான் கீது" என்றார்.

"இனிமே சங்கை நம்பாதீங்கண்ணே. மூக்கு எரிஞ்சா புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடிடுங்க" என்றேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். "அவ செஞ்சதுதானே சார் அது?"

இல்லை, அவர் சேர்த்த சோதனையை எடுத்துவிட்டார்கள் என்றேன். பிறகு இருவருமாக வீடுவீடாகப் போய், சங்கை நம்ப வேண்டாம் என்று சொன்னோம். சிலர் தலையாட்டினார்கள். சிலர் சிரித்தார்கள்.

கூப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாத அந்தப் பயம்தான் தேவகியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. எண்ணூரில் சங்கு ஊதாத ஒவ்வொரு நாளும் எனக்குப் பயமாக இருக்கிறது.