மெட்ராஸ் ஐ என்றார்கள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில், அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் எனக்கு இது ஆறாவது வருஷம். அன்று மத்தியானம் என் இரண்டு கண்களும் மிளகாய்ப்பழமாகச் சிவந்துவிட்டன. சூப்பர்வைசர் நான்கு அடி தள்ளி நின்றுகொண்டார்.

"மெட்ராஸ் ஐம்மா இது. பாத்தாலே ஒட்டிக்கும். வீட்டுக்குப் போய்டுங்க."

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் யாரோ! மறுநாள் என் வரிசையில் இன்னும் நான்கு பேருக்குக் கண் சிவந்ததாம். நான்தான் பரப்பினேனாம். என் இடத்துக்கு வேறு ஆள் போடப் போவதாகவும் போனில் சொன்னார்கள். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

மாமியார் நந்தியாவட்டைப் பூவோடு வந்தார், எதிர்வீட்டு அம்மா பன்னீர் பாட்டிலோடு வந்தார். நான் பஸ் பிடித்துக் கண் டாக்டரிடம் போனேன். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பீளை இல்ல, இமையும் ஒட்டல. இது மெட்ராஸ் ஐ இல்லம்மா, ஏதோ நெடி பட்டிருக்கு. சுத்தமான தண்ணில கழுவுங்க. பூ கீ பிழிஞ்சு விடாதீங்க. காரணம் அங்கயே இருந்தா மறுபடி வரும்."

இரண்டே நாளில் கண் வெளுத்தது. டாக்டர் சீட்டோடு வேலைக்குப் போனேன். பதினொரு மணிக்கெல்லாம் மறுபடி எரிச்சல். பசை நெடி ஆறு வருஷமாக இருப்பதுதானே, இப்போது மட்டும் என்ன கேடு என்று கடுப்பாக நிமிர்ந்தேன். முகத்தில் காற்று அடித்தது. நெடியை வெளியே இழுக்க வேண்டிய எக்ஸாஸ்ட் ஃபேனிலிருந்து! போன வாரம்தான் அதை ரிப்பேர் பார்த்து மாட்டியிருந்தார்கள்.

ஷூவுக்குள் திணிக்கிற மெல்லிய காகிதம் ஒன்றை ஃபேன் வலைக்கு முன்னால் பிடித்தேன். வலையில் ஒட்ட வேண்டிய காகிதம் படபடவென்று என் பக்கம் பறந்தது.

"சார், இங்க வந்து பாருங்க. இது இழுக்கல, ஊதுது!"

எலக்ட்ரீஷியன் வந்து தலையைச் சொறிந்தார். "ஒயரை மாத்திக் குடுத்துட்டேன் போலக்கீது சார்."

இரண்டு ஒயர்களை இடம் மாற்றினார், அவ்வளவுதான். காகிதம் சப்பென்று வலையில் போய் ஒட்டிக்கொண்டது. கண் சிவந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அன்றுதான் திரும்பியிருந்த நான்கு பேரும் கை தட்டினார்கள். "அப்போ இது மெட்ராஸ் ஐ இல்லக்கா, ஆம்பூர் ஐ!" என்றாள் ஒருத்தி. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"உங்க எடம் உங்களுக்குத்தாம்மா. போய் உக்காருங்க" என்றார் சூப்பர்வைசர்.

"உக்கார்றேன் சார். நான் பரப்பலன்னு மொதல்ல எல்லார் எதிர்லயும் சொல்லுங்க."

அவர் நெளிந்தார். நான் நகரவில்லை. கடைசியில் மைக்கை எடுத்து, பேக்கிங் பிரிவு வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.