பினாங்குக்கு இரண்டரை மணி நேரம்

சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி தில்லையம்பலத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்: பினாங்கு முந்நூற்று எழுபது மைல், இரண்டரை மணி நேரம். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த அட்டவணையை எழுதியவரே அவர்தான். ஜப்பான்காரன் வந்ததும் மைலைக் கிலோமீட்டராக்கி எழுதச் சொன்னான். எழுதினார். அறுநூறு கிலோமீட்டர், அதே இரண்டரை மணி நேரம்.

ஒன்றுக்கு மட்டும் அவர் மசியவில்லை. ஊர்க் கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு ஏற்ப ஒன்றரை மணி முன்னால் தள்ளச் சொன்னபோது, அலுவலகச் சுவர்க் கடிகாரத்தைத் தள்ளினார், கைக்கடிகாரத்தைத் தொடவில்லை. யாழ்ப்பாணத்துப் பிடிவாதம். சிராங்கூன் ரோட்டில் பாதிப் பேர் பழைய மணியில் சாப்பிட்டு, ஜப்பான் மணியில் வேலைக்குப் போனவர்கள்தான்.

அவர் மனைவி இராசேஸ்வரி பினாங்கில் தமையன் வீட்டில் மலேரியாவில் கிடந்தாள். காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை கிடைக்காவிட்டால் இந்த வாரம் தாண்டாது என்று கடிதம் வந்திருந்தது. ரயிலேற அவருக்கு அனுமதி இல்லை. மளிகைக் கடை நெய்னா முகம்மது மிளகாய் மூட்டைக்கடியில் பதுக்கியிருந்த இருபது மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தார்.

“எப்படி அனுப்புவீங்க, கிராணியாரே?”

“விமானத் தபால் பையைக் கட்டுறது நான்தானே. அங்க அவிழ்க்கிறது காதர் மைதீன், எங்கட ஆள்.”

“புடிச்சா தலை போயிரும் லா.”

“இரண்டரை மணித்தியாலம்தான் முதலாளி. போய்ச் சேர்ந்திடும்.”

மறுநாள் காலை பொட்டலம் பைக்குள் போனது. அரக்கு முத்திரையும் விழுந்தது. விமானம் மேலெழும்போது வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரை. பதினொன்றுக்கு இறங்கிவிடும்.

அதன் பிறகு அவரால் உட்கார முடியவில்லை. பென்சிலைச் சீவினார். சீவிய பென்சிலையே திரும்பவும் சீவினார். மேசைக்கும் தந்தி அறைக்குமாக நடந்தார். சுவர்க் கடிகாரம் பதினொன்று காட்டியது, செய்தி இல்லை. பதினொன்றேகால். பதினொன்றரை. விமானம் கடலுக்குள் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். பன்னிரண்டு அடித்ததும் பொறுக்கமாட்டாமல் ஜப்பானிய அதிகாரியின் அறைக்கு ஓடினார்.

“பினாங்கு விமானம் ஒரு மணி நேரம் தாமதம். தேட ஆள் அனுப்புங்கள்.”

அதிகாரி அட்டவணையைப் பார்த்தார். “பத்து மணிக்குப் புறப்பட்டது. இரண்டரை மணி நேரம் என்று நீதானே எழுதியிருக்கிறாய்? இன்னும் அரை மணி இருக்கிறது.”

அப்போதுதான் உறைத்தது. புறப்பட்ட நேரத்தைத் தன் கையில் பார்த்துவிட்டு, வந்து சேரும் நேரத்தைச் சுவரில் தேடியிருக்கிறார். அன்றாடம் ஊராருக்கெல்லாம் மணி மாற்றிச் சொல்லும் மனிதர். முகம் வெளிறிப்போனது, அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

“எத்தனையோ விமானம் தாமதமாகியிருக்கிறது. ஒருநாளும் நீ ஓடி வந்ததில்லை. இதில் என்ன வைத்தாய்?”

பினாங்குக்கு உடனே தந்தி பறந்தது: இறங்கியதும் தபால் பையைக் காவலர்கள் கைப்பற்றிப் பிரிக்க வேண்டும்.

அவரை அங்கேயே நிற்க வைத்தார்கள். பினாங்கைத் தவிர வேறு எங்கேயாவது இறங்கட்டும், ஏதாவது திடலில், வயலில், யார் கையிலாவது அந்தப் பொட்டலம் அகப்படட்டும் என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டினார். அவளைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாக நெஞ்சு அடித்துக்கொண்டது.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டரை அடித்தது. அடுத்த அறையில் தந்திக் கருவி தட்டத் தொடங்கியது.

“இறங்கிவிட்டது,” என்றார் அதிகாரி. “உன் அட்டவணை மிகச் சரி.”